பள்ளத்தில் விழாத போல்ட்

பழைய கார் வைத்துக்கொண்டு கொஞ்சுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. முப்பது வருடமாக ஸ்டியரிங் வேலை மட்டும்தான் பார்க்கிறேன். வருகிற வண்டியில் பாதி இந்தக் கிறுக்கர்களுடையது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுவான். காரில் நகம் பட்ட கீறல் விழுந்தால் கண் கலங்கி வந்து நிற்பான். "பாத்துப் பண்ணுங்க சார், இது எங்க வீட்டுல ஒரு ஆள் மாதிரி" என்பான். வீட்டில் இருக்கிற ஆட்களின் கதி எனக்குத் தெரியாதா என்ன.

எங்கள் ஏரியாவில் தையல் கடை வைத்திருந்த டெய்லரும் அந்த ரகம்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் செத்த பிறகும் சொன்னேன்.

அவர் செத்து ஆறு வருடம் ஆகிறது. நேர் ரோடு, பகல் பதினோரு மணி, எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. கார் ரோட்டை விட்டு இறங்கிப் போய் ஒரு குடோன் சுவரில் மோதியது. ஸ்டியரிங் தண்டு நெஞ்சில் ஏறிவிட்டது. ஓட்டும்போதே தூங்கிவிட்டார் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். எல்லாரும் என்றால், முதலில் சொன்னவன் நான்தான். 'தூங்குமூஞ்சி டெய்லர்' என்று பெயர் வைத்ததும் நான்தான். நான் வைக்கிற பெயர்கள் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வாரம் அவருடைய மகள் ஷாப்புக்கு வந்தாள். டவுன் பஸ் ஓட்டுகிற பெண். யூனிஃபார்மோடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினாள். காரின் முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தியாயிற்றாம், எஞ்சின் ஓடுகிறதாம், ஸ்டியரிங் தண்டுதான் வளைந்து கிடக்கிறதாம். அதே மாடலில் வேறு தண்டு ஒன்று தேடிப் பிடித்து வைத்திருக்கிறாளாம்.

"ஏம்மா, அத எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாமே" என்றேன்.

"வர முடியுமா, முடியாதா?"

போனேன். காலை பத்து மணி. பழைய வீடு, தாழ்ந்த கூரை, காம்பவுண்ட் கேட்டைத் தள்ளினால் அது ஒரு முனகல் முனகியது. பின்பக்கம் தகரம் போட்ட ஷெட். உள்ளே தூசி மணம், எலிப் புழுக்கை மணம், எங்கோ அடியில் ஒரு ஈரத்துணி மணம். நடுவில் அந்த அருமந்த கார் நின்றது. ஷெட்டைப் பார்த்தாற்போல் பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் டெய்லரின் மனைவி உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. நான் பையைக் கீழே வைத்த சத்தத்துக்குத் தூக்கிப் போட்டதுபோல் விழித்தார்.

"அம்மா படுக்கவே மாட்டாங்க" என்றாள் மகள், தணிந்த குரலில். "ஆறு வருஷமா உக்காந்தேதான். அப்பா போறதுக்கு முந்தின ராத்திரி ரெண்டு பேருக்கும் சண்டை, விடிய விடிய. இந்தக் காரை வித்துத் தொலைன்னுதான் சண்டையே. நான்தான் மனுஷனத் தூங்க விடல, அதான் ரோட்டுல தூங்கிட்டாருன்னு அதையே நெனச்சிட்டு இருக்காங்க."

நான் ஸ்பேனர்களை எடுத்து அடுக்கினேன்.

"பழசக் கழட்டும்போது நல்லா பாருங்க சார். வண்டியில கோளாறா, இல்ல நெஜமாவே தூங்கிட்டாரா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எங்களுக்கு."

போலீஸ் பார்த்தது, இன்சூரன்ஸ்காரன் பார்த்தான், மோதின வேகத்தில் தண்டு கழன்றது என்று எழுதி மூடியாயிற்று. இப்போது நான் துப்பறிய வேண்டுமாம். "பாக்குறேன் பாக்குறேன்" என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பிவிட்டு, டிரைவர் சீட்டின் காலடியில் மல்லாந்து படுத்தேன். தலை பெடல்களுக்குக் கீழே, கால்கள் கதவுக்கு வெளியே.

இந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு காலடிக்கு இறங்குகிறது. அதன் அடிநுனி, பெடல்களுக்குப் பின்னால் குவளை மாதிரி இருக்கிற ஓர் இரும்புக்குள் நுழையும். அதைக் கப்ளிங் என்போம். தண்டின் நுனியில் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கப்ளிங்கின் பக்கவாட்டில் செருகுகிற போல்ட் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் யார் இழுத்தாலும் தண்டு மேலே வராது. தண்டு ஒரு விரல் அளவு இறங்காமல் நின்றுவிட்டால், போல்ட் நுனிக்குக் கீழே வெறும் காற்றில் போய்விடும். அப்போதும் அது இறுகும். ஸ்டியரிங் திரும்பும். கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சில வாரம் ஓடும். பிறகு ஒருநாள் ஏதோ ஒரு குலுக்கலில் தண்டு உருவிக்கொள்ளும். அதற்கப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் சுற்றினாலும் சும்மா சுற்றும்.

அதற்காகத்தான் இடுக்கில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு முறுக்குவார்கள். நான் பிடித்ததில்லை. "கண்ணாடி எதுக்குடா, மேக்கப் போடவா வந்திருக்கோம்?" என்று ஷாப்பில் கேட்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

பழைய தண்டை உருவி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அழுக்கைத் துடைத்தேன். பள்ளம் புத்தம் புதிதாக இருந்தது. போல்ட் உட்கார்ந்த தழும்பு ஒன்றுகூட இல்லை.

அந்தப் போல்ட் இந்தப் பள்ளத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

எந்த மடையன் மாட்டினான் இதை என்று வாய்விட்டே திட்டினேன். கண்ணு தெரியாதவன், கை விளங்காதவன், இவனெல்லாம் ஸ்பேனரைத் தொடலாமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அப்புறம் கப்ளிங்கிலேயே கிடந்த பழைய போல்ட்டைக் கழற்றினேன். அதன் தலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு.

வேலை முடிந்தால் போல்ட் தலையில் மஞ்சள் பொட்டு வைக்கிறவன் இந்த நகரத்திலேயே ஒருத்தன்தான். நான்.

வந்துபோகிற வண்டிகளின் கூட்டத்தில், இந்த வண்டிக்குத் தண்டு மாட்டியதே எனக்கு மறந்துபோயிருந்தது. பிறகு என்ன செய்தேன் தெரியுமா? பெட்ரோல் தொட்ட துணியால் பொட்டைத் துடைத்தேன். அரத்தின் முனையால் பள்ளத்தில் நாலு கீறல் போட்டேன், தழும்பு மாதிரி. ஊரையெல்லாம் கேவலமாகப் பேசிக்கொண்டு திரிந்தவன் எவ்வளவு கேவலமானவன் என்று எனக்கே தெரிவதற்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.

அப்போதுதான் அந்த மணம் தூக்கலாக வந்தது. ஈரத்துணியின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் எழுகிற ஆவி மணம்.

வீட்டுக்குள் யாரோ துணி தேய்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு புதுத் தண்டைச் செருகினேன். மேலிருந்து சக்கரத்தை யாராவது அழுத்திப் பிடித்தால்தான் தண்டு முழுதாக இறங்கும். ஷாப்பில் எப்போதும் ஆள் இருப்பார்கள். பழக்கதோஷத்தில் கத்தினேன்.

"அழுத்திப் புடி!"

பிடித்தார்கள்.

நல்ல பிடி. ஆடாமல் அசையாமல், அளவாக. "அப்படியே வச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போல்ட்டைத் தேடினேன். பஸ் ஓட்டுகிற கை இல்லையா, தெம்பு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். அப்போது வீட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. டெப்போவில் யாரிடமோ ஷிஃப்ட் மாற்றுவது பற்றி ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

என் தலைக்கு மேலே சீட்டின் ஸ்பிரிங் கிரீச்சென்றது.

பிறகு, என் காதுக்குப் பக்கத்தில், கிளட்ச் பெடல் மெல்லக் கீழே இறங்கியது. அடிவரை இறங்கி, அங்கேயே நின்றது.

பழைய வண்டியில் ஸ்பிரிங் விட்டுப்போய்ப் பெடல் தானாக இறங்குவது உண்டு. அப்படித்தான் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். போல்ட்டைச் செருகினேன். வழுக்கிக்கொண்டு போனது, வெண்ணெயில் போவது மாதிரி. முன்பு அப்படிப் போயிருந்தால் கைராசி என்று மீசையை முறுக்கியிருப்பேன். இப்போது அது வெறும் காற்றில்தான் போயிருக்கிறது என்று புரிந்தது. போல்ட்டை எடுத்தேன், தண்டைக் கீழே இழுத்தேன். இறங்கியது. கையை விட்டதும் ஒரு விரல் அளவு மேலே ஏறியது.

மறுபடி இழுத்தேன். மறுபடி ஏறியது.

மூன்றாவது தடவை, ஏறும்போது இழுக்கிற கையின் பலம் தெரிந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "அம்மா, சின்னக் கண்ணாடி ஒண்ணு இருந்தா குடுங்க."

டெய்லரின் மனைவி எழுந்து உள்ளே போய் ஒரு கைக்கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார். "தேடுறது கெடைச்சுதா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

கண்ணாடியைக் கப்ளிங்குக்குப் பின்னால் பிடித்தேன். தண்டின் நுனி சரியாக ஒரு விரல் உயரத்தில் நின்றது. ஆறு வருடம் முன்பு நான் விட்ட அதே உயரம். கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தேன்.

பெடல் தெரிந்தது.

பெடலின் மேல் ஒரு ஷூ தெரிந்தது. ஷூவுக்கு மேலே பேன்ட். கத்தி மாதிரி மடிப்பு விழத் தேய்த்த பேன்ட்.

கண்ணாடியை விட்டு நேராகப் பார்த்தேன். வெறும் பெடல். கண்ணாடியில் பார்த்தேன். ஷூ.

"ஒரு சின்ன ஆட்டம் இருக்குங்க" என்றது மேலேயிருந்து ஒரு குரல், மரியாதையாக.

அந்தக் குரலையும் அந்த வார்த்தைகளையும் நான் முன்பே கேட்டிருக்கிறேன். விபத்துக்கு ஒரு வாரம் முன்னால் டெய்லர் ஷாப்புக்கு வந்து, வாசலில் தயங்கி நின்று, இதைத்தான் சொன்னார். நான் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஊசியில நூல் கோக்குற கைக்கு எல்லாமே ஆட்டமாத்தான் தெரியும், போய்யா" என்றேன். பத்துப் பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், வேறு என்ன செய்வார். சிரித்துவிட்டு அந்த வண்டியிலேயே ஏறிப் போனார்.

போல்ட்டை அப்படியே காற்றில் செருகி, இறுக்கி, புழு மாதிரி நெளிந்து வெளியே வந்தேன். அந்த இடத்தைவிட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. மகள் எதிரே நின்றாள்.

"முடிஞ்சுதா சார்? பாத்தீங்களா?"

"முடிஞ்சுது. வண்டியில ஒண்ணுமில்ல. மோதினதுலதான் கழண்டிருக்கு."

"அப்ப?"

"தூங்கிட்டாரு போல."

நாற்காலியில் இருந்தவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலைப் பார்க்காமல் நான் பையைக் கட்டினேன்.

மகள் ஷெட் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தாள். அப்புறம், "வாம்மா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். இன்னைக்காவது இதுல ஏறு" என்று தாயைக் கைப்பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தாள். தான் சுற்றி வந்து ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்தாள்.

ஒரு ரவுண்டுதானே என்று நினைத்தேன். சில வாரம் தாங்குமே, அதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி வந்து சரிபண்ணிவிடலாம். ஆமாம், இப்படித்தான் நினைத்தேன். காறித் துப்ப நினைப்பவர்கள் துப்பலாம்.

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. முன்கண்ணாடி வழியே நான் பார்த்தேன்: ஸ்டியரிங் சக்கரம் அவளுடைய நெஞ்சை நோக்கி, ஒரு நூல் ஒரு நூலாக, மேலே வந்துகொண்டிருந்தது. அவள் கியரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்காத! ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

எஞ்சின் நின்றது. "என்ன சார்?"

"போல்ட் பள்ளத்துல உக்காரல."

"இப்பதானே முடிஞ்சுதுன்னீங்க?"

"உக்காரலம்மா. தண்டு கழண்டுக்கும்."

பஸ் ஓட்டுகிறவளுக்கு இரும்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கீழே இறங்கி வந்தாள். தரையில் கிடந்த பழைய தண்டை எடுத்தாள். பள்ளத்தில் நான் போட்ட புதுக் கீறல்களைக் கட்டைவிரலால் தடவினாள். இரும்புத்தூள் விரலில் பளபளத்தது.

"இப்ப மட்டும்தான் உக்காரலையா?"

ஏற்கெனவே கட்டிய பையை மறுபடி கட்டினேன்.

"அப்பவுமா?"

"அப்பவும்தான்" என்றேன்.

காருக்குள்ளிருந்து தாயின் குரல் வந்தது. "அப்ப அவரு முழிச்சிட்டுத்தான் இருந்தாரா, தம்பி?"

"ஆமாம்மா. திருப்பித்தான் பாத்திருப்பாரு. அது திரும்பியிருக்காது."

அவர் இறங்கினார். என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டை வந்தது. பகல் ஒரு மணிக்கு, கதவைத் திறந்துபோட்டுவிட்டு, அப்படி ஒரு குறட்டை.

"உங்கள அடிக்கக்கூடத் தோணல சார்" என்றாள் மகள். "படுங்க. முடிங்க. கண்ணாடிய நான் புடிக்கிறேன்."

இந்தத் தடவை தண்டு சாதுவாக இறங்கியது. போல்ட் பள்ளத்தில் 'டக்' என்று உட்கார்ந்தது. கண்ணாடியில் பெடலும் என் முகமும் மட்டும் தெரிந்தன. புறப்படும்போது அவள் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். எங்கெல்லாம் அவள் அப்பாவுக்கு அந்தப் பெயரைச் சொன்னேனோ அங்கெல்லாம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். சரி என்றேன். அவர் என்னிடம் வந்து முறையிட்டதையும், நான் விரட்டியதையும் மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஷாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் வழக்கமான கும்பல். "என்ன, அந்தத் தூங்குமூஞ்சி வண்டியையா பாத்துட்டு வர்ற?" என்று கேட்டார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்து ஜோடிக் கண்களைப் பார்த்ததும் வாய் தன் புத்தியைக் காட்டிவிட்டது. "ஆமா, அதே தூங்குமூஞ்சிதான்" என்றேன். சிரித்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றப்போனேன். பொத்தான் நகரவில்லை. குனிந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பொத்தான் துளைகள் எல்லாமே தைத்து மூடியிருந்தன. எறும்பு வரிசை மாதிரி நுணுக்கமான தையல். சட்டையை நான் காலையிலிருந்து கழற்றவே இல்லை. "எந்த டெய்லர்ட்ட குடுத்தீங்க? இவ்வளவு சுத்தமா தைக்கிறவங்க இப்ப யாரு இருக்கா?" என்று வியந்துகொண்டே என் மனைவி கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். வெட்டிய துணியில் ஆவி மணம் அடித்தது.

மறுநாள் விடிந்ததும் டீக்கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். டெய்லர் தூங்கவில்லை, போல்ட்டைத் தப்பாக மாட்டியது நான் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று சாயங்காலம் சட்டைப் பொத்தான்கள் சாதாரணமாகக் கழன்றன, கழுத்துப் பொத்தானைத் தவிர. அது மட்டும் தைத்தே இருந்தது.

எது பாக்கி என்று எனக்குத் தெரியும். அவர் வாசலில் நின்று சொன்னது. நான் சிரிக்க வைத்து அனுப்பியது. அதை அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். தினமும் போகிறேன். தினமும் மகள் கேட்டுக்கு வந்து, "அம்மா தூங்குறாங்க. என்ன விஷயம், எங்கிட்ட சொல்லுங்க" என்கிறாள். "ஒண்ணுமில்லம்மா" என்று திரும்பிவிடுகிறேன். அந்த அம்மா தூங்குகிறார் என்று கேட்டதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிக்கு ஈடான ஈனத்தனம் உலகத்தில் இல்லை.

இன்று புத்திசாலித்தனமாகப் பொத்தானே இல்லாத பனியனைப் போட்டுக்கொண்டு போனேன். அம்மா தூங்குகிறார் என்றாள். நிம்மதியாகத் திரும்பினேன். கேட்டைத் தாண்டவில்லை, தொண்டைக்குழியில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

கையை வைத்துப் பார்த்தேன். மெல்லிய வெள்ளை நூல் ஒன்று தொங்கியது. பனியனிலிருந்து பிரிந்த நூல் என்று நினைத்துப் பிடித்து இழுத்தேன்.

வலித்தது.